இயலாமைக்கு ஒரு தொகை, முயற்சிக்கு ஒரு தொகை

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அரசிடமிருந்து மாதக் கணக்கில் வரக்கூடிய பணம் இருவேறு காரணங்களின் பேரில் வருகிறது. முதலாவது காரணம் அவருடைய உடலோ மனமோ அடைந்துள்ள குறை. அதற்காக வருவாய்த்துறை வழங்கும் ஓய்வூதியமும், கடும் பாதிப்பு உடையவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகையும் உள்ளன. இரண்டாவது காரணம், படித்துப் பதிவுசெய்து காத்திருந்தும் அவருக்கு வேலை கிடைக்காமை. அதற்காக வேலைவாய்ப்பு அலுவலகம் வழங்குவது வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை எனப்படுகிறது. காரைக்குடியில் வாழும் ஒருவர் முதலாவதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தையும் இரண்டாவதற்கு மாவட்டத் தலைநகரான சிவகங்கையில் உள்ள வேலைவாய்ப்பு மையத்தையும் நாட வேண்டும். இரண்டு படிகளை ஏறலாம், ஆனால் இரண்டு தொகைகளையும் வாங்க இயலாது. வேறு அரசு உதவித்தொகை பெறுபவர் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. நிர்வாக விதியாகத் தோன்றும் இந்த நிபந்தனைக்குள், கொடை, உழைப்பு, இயலாமை ஆகியவை பற்றிச் சமயங்களும் அறநூல்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது: இயலாதவர் என்று ஏற்கப்பட்ட ஒருவர், வேலை தேடுபவராகவும் ஏற்கப்படலாமா?

தொகைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வியின் கூர்மை புலப்படும். பொதுப் பிரிவினருள் பட்டதாரிகள் ஐந்தாண்டுப் பதிவுக்குப் பின் மாதம் 600 ரூபாயை மூன்றாண்டுகளுக்குப் பெறுகின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கோ ஓராண்டுப் பதிவே போதும், வருமான வரம்பு இல்லை, பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு 600 ரூபாய், மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 750 ரூபாய், பட்டதாரிக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் பத்தாண்டுகள் வரை வழங்கப்படுகிறது. இதில் அரசு காட்டியிருக்கும் பரிவை மறுப்பதற்கில்லை. ஆனால் வருவாய்த்துறை ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டுவிட்டதால், இரண்டுக்கும் தகுதியுள்ள ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயமே எழாது. ஆதரவற்றவர் என்று எழுதித் தந்தால் ஆயிரத்தைந்நூறு, பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்பவர் என்று எழுதித் தந்தால் ஆயிரம், பத்தாம் வகுப்போடு நின்றவரானால் அறுநூறு என்று ஆகும்போது, அரசு விரும்பியோ விரும்பாமலோ இயலாமைக்கு ஒரு விலையும் முயற்சிக்கு அதைவிடக் குறைந்த விலையும் வைத்துவிடுகிறது.

இத்தடையை நியாயப்படுத்துவோர் முன்வைக்கும் வாதம் தருக்க வடிவம் கொண்டது. உழைக்க இயலாது என்பது ஒரு கூற்று. உழைக்க ஆயத்தமாக இருக்கிறேன் என்பது அதற்கு முரணான கூற்று. ஒருவர் இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வாரானால் ஏதோ ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்பதே அவ்வாதம். அமெரிக்காவிலும், ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகையோடு வேலையின்மைக் காப்பீட்டையும் பெறுவது இரட்டைப் பயன் என்று கூறி அதைத் தடுக்கும் மசோதாக்கள் 2010களில் கொண்டுவரப்பட்டன. இதை ஒட்டிய ஒரு சிக்கலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999இல் கிளீவ்லண்ட் எதிர் பாலிசி மேனேஜ்மெண்ட் சிஸ்டம்ஸ் என்ற வழக்கில் அளித்த தீர்ப்பு கவனத்துக்குரியது. உழைக்க இயலாதவர் என்று கூறி ஊனமுற்றோர் தொகைக்கு விண்ணப்பித்தவர், தக்க வசதி செய்து தந்திருந்தால் தம்மால் வேலை பார்த்திருக்க முடியும் என்று முதலாளி மீது வழக்குத் தொடரலாமா என்பது அங்கு எழுந்த வினா. தொடரலாம் என்றது நீதிமன்றம். ஏனெனில் உதவித்தொகை வழங்கும் அமைப்பு ஒருவரின் இயலாமையை மதிப்பிடும்போது, பணியிடத்தில் செய்யப்படக்கூடிய வசதிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. இருக்கின்ற உலகில் இயலாதவர், திருத்தப்பட்ட உலகில் இயன்றவராக இருக்கலாம் என்பதே இதன் சாரம். இந்திய உச்ச நீதிமன்றமும் விகாஷ் குமார் எதிர் மத்தியத் தேர்வாணையம் என்ற 2021ஆம் ஆண்டு வழக்கில், எழுதுவதில் இடர்ப்பாடு உடைய தேர்வருக்கு எழுத்தர் ஒருவரை வழங்க வேண்டும் என்று கூறியபோது, தக்க வசதி செய்து தருதல் என்னும் இதே கோட்பாட்டைத்தான் விரித்துரைத்தது. மருத்துவக் குழு ஒருவரின் குறையை நாற்பது விழுக்காடு, எழுபத்தைந்து விழுக்காடு என்று அளந்து சான்று தருகிறது. அவரை வேலைக்கு எடுக்காத அலுவலகத்தின் குறையை விழுக்காட்டில் அளக்கும் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

இந்த முரண் எங்கிருந்து வந்தது என்று தேடினால், கொடுப்பவர் பெறுபவரிடம் எதிர்பார்க்கும் தோற்றத்தில் அதன் வேர் தென்படுகிறது. தமிழ் மரபில் கொடையைப் பற்றி மிக ஆழமாகப் பேசும் நூல்களுள் ஒன்றான பௌத்தக் காப்பியம் மணிமேகலை, கைம்மாறு செய்ய ஆற்றல் உடையவர்க்குக் கொடுப்பதை அறத்தை விலைபேசி விற்பதற்கு ஒப்பாகக் கருதுகிறது. ஆற்றல் அற்றவரின் பசியைக் களைவதே மெய்யான வாழ்க்கை நெறி என்கிறது. அக்காப்பியத்தில் ஆபுத்திரன் தான் இரந்து பெற்ற உணவை அழைத்து அளித்தவர்களுள் பார்வையற்றோர், செவிப்புலன் இல்லாதோர், கால் முடமானோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோர் வரிசையாக இடம்பெறுகின்றனர். கொடுப்பவரின் உள்ளத்திலிருந்து இலாப நோக்கை அகற்றுவதற்காக நூலாசிரியர் சாத்தனார் வகுத்த இவ்வளவுகோல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே அளவுகோல் காலப்போக்கில் கொடுப்பவரின் உள்ளத்தை விட்டு நகர்ந்து பெறுபவரின் தலைமேல் வந்து அமரும்போது, உதவி பெற விரும்புபவர் முதலில் தம் ஆற்றலின்மையை நிறுவ வேண்டியவராகிறார். அவரிடம் ஏதேனும் ஆற்றல் எஞ்சியிருப்பது தெரிந்தால் கொடையின் தூய்மையே கெட்டுவிடும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. பௌத்த அறத்தின் மேன்மையான கூற்று ஒன்று, படிவத்தின் நிபந்தனையாகச் சுருங்கும் விதம் இது.

சைவ மரபோ வேறொரு சித்திரத்தைத் தருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் நாயனார் திருவாரூரில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர். கோயிலின் மேற்கேயுள்ள திருக்குளம் தூர்ந்து அளவில் குறுகிப்போனதைக் கண்டு, அதாவது கேட்டும் தடவியும் அறிந்து, அதைத் தோண்டிப் பெருக்கும் பணியை அவர் மேற்கொண்டார். குளத்தினுள் ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைப் பிடித்தபடியே போய் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து கொட்டினார். சட்ட மொழியில் தக்க வசதி எனப்படுவது அந்தக் கயிறுதான். கயிறு இல்லாத கரையில் அவர் இயலாதவர். கயிறு கட்டிய கரையில் அவர் உழைப்பாளி. இரண்டு கரைகளுக்கும் இடையில் அவருடைய கண்களில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அவரைப் பழித்தவர்கள் கோல்களைப் பறித்தபோது பறிபோனது அவர் உழைக்கும் ஆற்றலே என்பதையும் கதை தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் கதையின் முடிவு இக்காலத்து வாசகருக்கு உறுத்தலைத் தரக்கூடியது: நாயனார் அதே குளத்தில் மூழ்கிப் பார்வையுடன் எழுகிறார், பழித்த சமணர்கள் பார்வையை இழக்கின்றனர். குருடு தண்டனையாகவும், அதன் நீக்கம் பரிசாகவும் ஆகிவிட, கயிற்றின் நினைவு அற்புதத்தின் ஒளியில் மங்கிப்போகிறது. குறையுடன் உழைப்பவரை அப்படியே ஏற்க மரபுக்கும் தயக்கம் இருந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

சுந்தரர் வரலாறு இவ்வகையில் இன்னும் நயமானது. பார்வை இழந்த அவருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் மட்டும் தருகிறான். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பின்னர் கிடைக்கின்றன. கோல் பெற்றவர் கண்ணுக்கு விண்ணப்பிக்கலாகாது என்று எந்தத் தலத்திலும் அவரிடம் சொல்லப்படவில்லை.

வள்ளுவரின் நிலை இன்னும் இறுக்கமானது. இரவு என்ற அதிகாரத்தையும் இரவச்சம் என்ற அதிகாரத்தையும் அடுத்தடுத்து அமைத்தவர் அவர். முதலாவதில் கரவாதவரிடம் கேட்பதை ஏற்கிறார், இரண்டாவதில் அவரிடத்தும் கேளாதிருப்பதைக் கோடி மடங்கு உயர்த்துகிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்திலோ, பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, அறிந்து முயலாமையே பழி என்று வரையறுக்கிறார். இதைப் பரிமேலழகர் நல்லூழ் இன்மை என்று கொண்டார். உடல் உறுப்பின் குறை என்று கொள்ளும் சாலமன் பாப்பையா போன்ற இக்கால உரையாசிரியர்களும் உள்ளனர். எந்த உரையைக் கொண்டாலும் குறளின் நிறுவை ஒன்றே: குறை ஒருவரின் கணக்கில் பழியாக ஏறாது, முயற்சி அவர் கணக்கில் புகழாக ஏறும். குறையை முன்வினைப் பயன் என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கத்துக்கு, ஊழுக்கென்று தனி அதிகாரமே எழுதிய ஒருவரிடமிருந்து வரும் இம்மறுப்பு கனமானது. நடப்பிலுள்ள உதவித்தொகை அமைப்பு இந்நிறுவையைத் தலைகீழாக்கி, பழியற்ற குறைக்கு மிகுதியும் போற்றத்தக்க முயற்சிக்குக் குறைவும் அளக்கிறது.

இரு தொகைகளும் ஒரே தேவைக்கு விடையளிக்கின்றனவா என்பதே இனி ஆராயத்தக்கது. அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஊனத்தால் விளையும் இழப்பை இரண்டாகப் பிரிக்கிறார். வருமானம் ஈட்டுவதில் ஏற்படும் குறை ஒன்று. ஈட்டிய வருமானத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்வதில் ஏற்படும் குறை மற்றொன்று. பிறர் பேருந்தில் போகும் இடத்துக்கு ஆட்டோவில் போக வேண்டியவருக்கும், பிறர் தாமே செய்துகொள்வதற்கு உதவியாள் வைக்க வேண்டியவருக்கும் ஒரே வருமானம் ஒரே வாழ்க்கையைத் தராது. பிரிட்டனைப் பற்றிய ஓர் ஆய்வை எடுத்துக்காட்டும் அவர், ஊனமுற்ற உறுப்பினர் உள்ள குடும்பங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்போர் 23.1 விழுக்காடு என்றும், மாற்றிக்கொள்வதில் உள்ள கூடுதல் செலவையும் கருதினால் அது 47.4 விழுக்காடாக ஏறுகிறது என்றும் குறிப்பிடுகிறார். வேலை கிடைத்த பின்னும் நீங்காத செலவு இரண்டாவது வகை. வேலை கிடைத்தால் நீங்கிவிடும் இழப்பு முதல் வகை. ஓய்வூதியம் இரண்டாவதற்கும், வேலையின்மைத் தொகை முதலாவதற்கும் உரியவை என்று கொண்டால், ஒன்றைப் பெறுவது மற்றொன்றின் தேவையைத் தீர்ப்பதில்லை.

செட்டிநாட்டு வணிகர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதன்று. நகரத்தார் தம் வணிகத்தில் ஒரு பகுதியை மகமை என்று ஒதுக்கி அறப்பணிக்கு வைத்தபோது, அதைப் பேரேட்டில் தனிக் கணக்காகவே எழுதினர். ஐந்தொகை எடுக்கும் நாளில் ஒருவருக்குத் தர வேண்டிய கடனை, அவர் சத்திரத்தில் சாப்பிட்ட சோற்றில் கழித்துக்கொள்வது அவர்களுடைய கணக்கு ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது. கொடை வேறு, கடன் வேறு. வேலை கேட்டுப் பதிந்தவருக்கு வேலை தர இயலாத சமூகம் அதற்கு ஈடாகத் தருவது கடனின் தன்மை உடையது. குறையுடைய உடலின் கூடுதல் சுமையில் பங்கேற்பது ஒப்புரவின் தன்மை உடையது.

எதிர்வாதங்கள் வலுவற்றவை என்று தள்ளிவிடவும் இயலாது. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிப் பொது உதவிக்கு வழி வகுக்கிறது. ஆனால் அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்ற வரம்பையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறது. ஓய்வூதியம் ஆதரவற்ற நிலையை முன்னிட்டே தரப்படுவதால் அதில் வருமான இழப்புக்கான ஈடும் கலந்திருக்கிறது என்றும், ஆகவே இரண்டையும் தருவது ஓரளவு ஒரே இழப்புக்கு இருமுறை தருவதாகும் என்றும் நிதித்துறை சொல்லக்கூடும். அதில் உண்மையும் உண்டு. இதைவிட ஆழமான எதிர்ப்பு காரைக்குடியை ஒட்டிய குன்றக்குடியிலிருந்து வரக்கூடியது. அங்கு ஆதீனத் தலைவராக விளங்கிய குன்றக்குடி அடிகளார் (1925–1995), சமய நிறுவனம் ஊரின் பொருளாக்கத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்று கருதி, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து அறிவியலாளர்களின் துணையுடன் சிறுதொழில்களை உள்ளடக்கிய கிராமத் திட்டத்தை உருவாக்கினார். அந்நோக்கில் பார்த்தால் இரண்டு உதவித்தொகைகளைவிட ஒரு வேலையே சமயத்தின் விடையாகும். ஆனால் அவ்விடை முழுமை பெறும் நாள் வரை, வேலைக்குக் காத்திருப்பவரின் காத்திருப்பு மதிப்பற்றதாகக் கருதப்படலாமா என்ற வினா எஞ்சுகிறது. உழைப்பை வழிபாடாகக் கொள்ளும் நெறி, உழைக்க முன்வந்தவரை மற்றவரைவிட மலிவாக மதிப்பிடுவதை ஏற்க முடியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 24ஆம் பிரிவில் ஊனத்துக்கான ஓய்வூதியத்தையும், சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஈராண்டுக்கு மேல் பதிந்தும் வேலை பெறாதோருக்கான வேலையின்மைத் தொகையையும் அடுத்தடுத்த உட்பிரிவுகளாக வைத்துள்ளது. ஒன்று மற்றொன்றை விலக்கும் என்று அங்கு சொல்லப்படவில்லை. விலக்கு இடம்பெறுவது மாநிலத் திட்டத்தின் நிபந்தனைகளில்தான். இப்போது மாற்றுத்திறனாளி அமைப்புகளின் முதன்மைக் கோரிக்கை, ஆந்திரப் பிரதேசம் 2024இல் 6,000 ரூபாயாக உயர்த்தியதைப்போல் இங்கும் ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும் என்பது. அக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது. எனினும் விலக்கு நீங்காமல் ஓய்வூதியம் மட்டும் உயருமானால், ஆயிரத்துக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் இடையே இன்றுள்ள இடைவெளி பன்மடங்காகும். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தொகையை வறிய மாற்றுத்திறனாளி எவரும் கேட்க மாட்டார், கேட்பார் இல்லை என்பதே அத்தொகையை உயர்த்தாமல் விடுவதற்குக் காரணமாகவும் காட்டப்படும்.