இலைக்கு அடியில் குடியிருப்பவை

மலாக்கா, சிம்பாங் அம்பாட்டில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர்கள் செடிகளை மட்டும் விட்டுவரவில்லை. கறிவேப்பிலை, முருங்கை, வேலியோரம் பழைய பெயின்ட் வாளிகளில் சில்லி பாடி. பக்கத்து வீட்டு அக்காவின் மிளகாய் திடீரென்று நுனி குறுகிப் போயிற்று. "கண்ணு பட்டுருச்சு தம்பி. நேத்து வரைக்கும் தளதளன்னு நின்னுச்சு" என்றார். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேலைக்குக் கண்ணைக் குற்றம் சொல்கிறோம்.

இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, கவிழ்த்த படகு போல ஆனால் மஞ்சள் சிலந்திப்பேன். தமிழ்நாட்டு விவசாயிகள் முரணை என்பது இதைத்தான். அக்காவின் செடியில் இலைகள் கவிழ்ந்திருந்தன.

*

தளிரின் அடிப்புறத்தை நல்ல லென்ஸில் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டவை முட்டைகள்: கண்ணாடி போன்ற நீள்வட்டம், முதுகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். அதிலிருந்து வருவதற்கு ஆறு கால். வளர்ந்தால் எட்டு, பூச்சி இனமல்ல, சிலந்திக்கு உறவு. முழு வளர்ச்சியிலும் கால் மில்லிமீட்டரை எட்டாது. வெக்கையான நாட்களில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு ஒரு வாரம்கூட வேண்டாம்.

முற்றிய இலையைத் துளைக்க அதன் வாய்க்கு வலுவில்லை. தளிர் முற்ற முற்ற வீடு மாற்றியாக வேண்டும். இதில் ஆண் செய்வதுதான் விசித்திரம். அசையாமல் உறங்கும் இளம் பெண்ணைத் தன் உடலின் பின்நுனியில் தூக்கிக்கொண்டு புதுத் தளிருக்கு நடக்கிறது. அவள் விழிக்கும்போது இடமும் தயார், துணையும் தயார். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி பறப்பதும் உண்டு.

மருந்தடித்துச் சிலந்திப்பேன் செத்த பிறகும் சுருண்ட இலை நிமிராது. உமிழ்நீரின் நஞ்சு இலை விரியும் முன்பே அதன் வடிவத்தைக் கெடுத்துவிடுகிறது. அடுத்து வரும் தளிரைத்தான் பார்க்க வேண்டும்.

*

மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சே யான் போட்டது. நாற்றங்காலில் ரப்பர்க் கன்றின் தளிரைச் சுருட்டி உதிர்த்ததும் இதே சிலந்திப்பேன்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இது மிளகாயில் இருக்கிறது.

*

கந்தகத்துக்கு இது கேட்கும், ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். கடையில் கிடைக்கும் எந்தப் பூச்சி மருந்தையும் வாங்கி அடிப்பதுதான் எனக்குப் பயம். சிலந்திப்பேனைத் தின்று வாழும் வேட்டைச் சிலந்திப்பேன்கள் அதே இலையில் ஓடிக்கொண்டிருக்கும். மருந்து பல நேரம் அவற்றை முதலில் கொல்கிறது. சில வாரத்தில் முரணை முன்னைவிட மோசமாகும். குறை சொல்ல மறுபடியும் கண் இருக்கிறது.

*

ஆட்டுச் சொறியும் வேறொரு சிலந்திப்பேனின் வேலைதான். காதோரமும் மூக்கும் தடித்து, பொருக்கு கட்டி, ஆடு கம்பத்தில் உரசி உரசி இளைக்கும். லயத்தில் வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசினார்கள்; அதில் அறிவு இருந்தது. பெண் சிலந்திப்பேன் தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே முட்டையிடும். மனிதச் சிரங்குக்கும் இந்த இனமே காரணம் என்று இத்தாலியில் போனோமோவும் செஸ்தோனியும் 1687இல் எழுதிவிட்டார்கள். ஊரார் அதை நம்ப நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இப்போது ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் ஒமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. அவருக்கும் அதை ஆராய்ந்த கேம்ப்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு. முட்டையை அது கொல்லாது. அவை பொரித்த பிறகு இரண்டாம் ஊசி வேண்டும். ஆடு தேறிவிட்டதென்று அதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

*

பொந்துத் தேனீயின் மேல் ஒட்டி வாழும் செம்பழுப்புச் சிலந்திப்பேனை ஜாவாவில் யாக்கப்சன் கண்டெடுக்க, 1904இல் ஔடெமான்ஸ் அதற்கு வர்ரோவா யாக்கப்சோனி என்று பெயர் வைத்தார். பொந்துத் தேனீ அதோடு நெடுங்காலம் பழகியது. ஆண் தேனீயின் அறையில் மட்டும் அது குஞ்சு பொரிக்க முடியும். உள்ளே இருக்கும் ஆண் தேனீ நலிந்துபோனால், கெட்டியான மூடியைத் திறக்க முடியாமல் சிலந்திப்பேனும் சேர்ந்தே புதைகிறது. கூடு பிழைக்கிறது.

மனிதர்கள் இத்தாலியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது அதற்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியவில்லை. வேலைக்காரத் தேனீயின் அறைக்குள்ளேயே சிலந்திப்பேன் புகுந்தது. கூடவே இறகைச் சிதைக்கும் வைரசையும் கொண்டுபோனது. உலகமெங்கும் கூடுகளை அழித்தது யாக்கப்சோனி அல்ல, நெருங்கிய வேறொரு இனம் என்று 2000இல் ஆண்டர்சனும் ட்ரூமேனும் காட்டினார்கள். அதற்கு டெஸ்ட்ரக்டர் என்று பெயர். மலேசியாவில் பொந்துத் தேனீயோடு இருப்பது பழைய யாக்கப்சோனி.

நெடுநாள் பழகிய இடத்தில் சேதம் குறைவு என்று இதை வைத்து எழுதியிருந்தேன். பிறகு பப்புவா நியூ கினியைப் பற்றிப் படித்தேன். அங்கே யாக்கப்சோனி இத்தாலியத் தேனீயின் கூட்டுக்குள் போய்வந்தும், பல ஆண்டுகள் அங்கு இனம் பெருக்க முடியாமலே இருந்தது. 2008இல் பார்த்தபோது பெருக்கிக்கொண்டிருந்தது.