இல்லாததை எழுதினால் வருமா?

கோவை சிங்காநல்லூரில் கார் எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகள்தான் அதிகம் வரும். அவற்றில் பல ரிப்பேருக்காக வருவதில்லை, கோடிங் போட வருகின்றன. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து, ஆப்பில் ஒரு பிட்டை 0-விலிருந்து 1 ஆக்குகிறேன். அவ்வளவுதான். மறுபடி இக்னிஷனைப் போட்டதும் ஸ்பீடாமீட்டர் முள்ளும் ஆர்பிஎம் முள்ளும் ஒருமுறை கடைசி வரை ஓடித் திரும்புகின்றன. நேற்று வரை அந்த வண்டி இதைச் செய்ததில்லை. புதிதாக ஒயர் இழுக்கவில்லை, பாகம் எதுவும் மாற்றவில்லை. அப்படியென்றால் இந்த வசதி இத்தனை நாள் எங்கே இருந்தது?

கேள்வி மிகப் பழையது. காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துக்குள் இருந்ததா, இல்லை புதிதாகப் பிறந்ததா என்று நம் தரிசனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கின்றன. இருந்தது என்பவர் சாங்கியர். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, ஒன்பதாம் காரிகையில் இதற்கு ஐந்து ஏதுக்களை அடுக்குகிறது. இல்லாதது உண்டாகாது, எதிலிருந்தும் எதுவும் வந்துவிடாது என்பவை அவற்றில் இரண்டு. நியாய வைசேடிகரோ காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்பார்கள். சைவ சித்தாந்தம், முன்பே இருந்தது என்னும் சற்காரியவாதத்தின் பக்கம் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தை நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாடம் கேட்கிறேன். முள் ஓடித் திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் சற்காரியவாதத்தைக் கண்ணால் காண்பதாகவே எனக்குத் தோன்றும். முள்ளை ஓட்டும் மோட்டார் மீட்டருக்குள் இருந்தது. ஓட்டச் சொல்லும் நிரலும் இருந்தது. மறைந்திருந்தது வெளிப்பட்டது.

ஆனால் என் தொழிலில் வெளிப்படுவதை விட மறுக்கப்படுவதுதான் அதிகம். உண்மையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த மறுப்புகளிடம்தான்.

ஸ்கேனரும் காரின் மாட்யூல் என்னும் கட்டுப்பாட்டுக் கணினியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு யூடிஎஸ் என்று பெயர், ஐஎஸ்ஓ 14229 என்ற தரத்தில் வகுக்கப்பட்டது. எழுதச் சொல்லி நாம் அனுப்பும் கட்டளையை மாட்யூல் ஏற்காவிட்டால், அதன் பதில் 7எஃப் என்று தொடங்கும். கடைசியில் வரும் எண், ஏன் முடியாது என்பதைச் சொல்லும். கோடிங்கில் அடிக்கடி எதிர்ப்படுபவை மூன்று: 31, 22, 33. ஆப்பைப் புதிதாக வாங்கியவருக்கு மூன்றும் ஒன்றுதான், திரையில் சிவப்பாக ஒரு வரி. "ஆப் சரியில்லைங்க, அடாப்டர் டூப்ளிகேட்டுங்க" என்று வருவார்கள். சில நேரம் அடாப்டர் போலியாகவும் இருக்கும். பெரும்பாலும் மாட்யூல் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கும், நாம்தான் படித்திருக்க மாட்டோம்.

31 என்றால், கேட்டது வரம்புக்கு வெளியே இருக்கிறது. அந்த மாட்யூலுக்கு அப்படியொரு மதிப்பே தெரியாது. விலை குறைந்த மாடலில் வரும் மாட்யூலில் அந்த வசதிக்கான நிரலே இல்லாமல் இருக்கலாம். அங்கே எத்தனை முறை எழுதினாலும் வராது.

22 என்றால், நிபந்தனை நிறைவேறவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது இக்னிஷன் வேறு நிலையில் இருக்கிறது. பேட்டரியில் சார்ஜரை மாட்டி, இன்ஜினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து அதே கட்டளையை அனுப்பினால், மறுத்த மாட்யூலே ஏற்றுக்கொள்கிறது.

33 என்றால், எழுத உனக்கு அதிகாரம் இல்லை. சில மாட்யூல்கள் ஐந்து இலக்க எண் ஒன்றைக் கேட்கும், கொடுத்தால் திறக்கும். எட்டாம் தலைமுறை கோல்ஃப் காலத்தில் எஸ்எஃப்டி என்ற பூட்டு வந்தது. அதைத் திறக்கக் கம்பெனி சர்வரிலிருந்து டோக்கன் வர வேண்டும். திறந்தாலும் 90 நிமிடத்துக்குத்தான்.

வகுப்பில் எங்கள் ஐயா குடத்தை வைத்து முக்காரணம் நடத்திய அன்று இந்த மூன்று எண்களும் என் மனத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். குடம் மண்ணுக்குள் இருக்கிறது என்பது மெய். ஆனாலும் சக்கரமும் குயவனும் சேராமல் குடம் வெளிப்படாது. 31 மண் இல்லாத குறை, 22 சக்கரம் இல்லாத குறை, 33 குயவனின் குறை. வகுப்பு முடிந்து இதைச் சொன்னபோது ஐயா மறுக்கவில்லை. "சரிதாங்க. ஆனா மண்ணே இல்லாம குடம் வந்துச்சுன்னு எவனாவது எழுதி வச்சா உங்க வண்டி என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

அதற்கு விடை என் பட்டறைக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது. பழைய ஆக்டேவியா ஒன்றை வாங்கிய தம்பி, "அண்ணா, ரிவர்ஸ் போட்டா ஸ்கிரீன் கறுப்பாயிடுதுங்க. கேமரா போயிருச்சு, மாத்திக் குடுங்க" என்று கொண்டுவந்தார். டிக்கி கைப்பிடி அருகே குனிந்து பார்த்தேன். கேமரா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி. ஸ்கேனரை மாட்டி 19-ஆம் முகவரியான கேட்வேயைத் திறந்தேன். வண்டியில் எந்தெந்த மாட்யூல்கள் இருக்கின்றன என்ற பட்டியல் அதில் உண்டு. ஒவ்வொன்றும் சரி என்று பதில் சொல்ல, 6சி என்ற முகவரி மட்டும் 'தொடர்பு இல்லை' என்று காட்டியது. 6சி பின்பக்கக் கேமராவுக்கு உரியது. முன்பு வைத்திருந்த யாரோ, அந்தப் பட்டியலில் டிக் போட்டால் கேமரா வந்துவிடும் என்று நம்பிப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே மறுப்பே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்வே எழுதுகிறவரை நம்பி ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகு இக்னிஷன் போடும்போதெல்லாம் இல்லாத கேமராவைக் கூப்பிட்டது. பதில் வராததால் பிழையைப் பதிவுசெய்தது. பிழையை அழித்தாலும் அடுத்த இக்னிஷனில் திரும்ப வந்தது. டிக்கை எடுத்து, திரைக்கான மாட்யூலிலும் கேமராவை நீக்கி எழுதிய பிறகுதான் அடங்கியது. பின்னாளில் அந்தத் தம்பி நிஜமான கேமராவையும் ஒயரையும் வாங்கி வந்தார். பொருத்திவிட்டு அதே இடத்தில் அதே டிக்கைப் போட்டேன், படம் வந்தது. டிக் ஒன்றுதான். முன்பு பொய்யாக இருந்தது, மண் வந்து சேர்ந்ததும் மெய்யாயிற்று.

இதை நான் காரோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். மேடைதோறும் இன்று ஒரு பேச்சு கேட்கிறது: உனக்குள் எல்லாம் இருக்கிறது, நம்பினால் போதும். சற்காரியவாதம் சொல்வது இதுவல்ல. எதிலிருந்தும் எதுவும் வராது என்பது அதன் ஏதுக்களில் ஒன்று என்றேன். எள்ளிலிருந்து எண்ணெய் வரும், மணலிலிருந்து வராது. விருப்பமே இல்லாத பிள்ளைக்கு வீட்டார் 'டாக்டர்' என்று எழுதிவிட்டால், அந்தப் பிள்ளையும் நம்பி ஏற்றுக்கொள்கிறது. பிறகு தினமும் விடியும்போது பதில் சொல்லாத ஒன்றைத் தனக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நீட் எழுதி எழுதி ஓய்ந்து, என்னிடம் வேலை கற்க வந்த பையன் ஒருவன் இருக்கிறான். ஒயரிங் வரைபடத்தை விரித்தால் எந்த எர்த் எங்கே போகிறது என்று அவன் விரல் தானாக ஓடும். அவனுக்குள் இருந்தது இதுதான். யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

பொய் டிக் போடுவதற்கு நேர்மாறான பிழை அதைவிடக் கொடியது. 22-ஐயும் 33-ஐயும் 31 என்று படிப்பது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற தீர்ப்பில் எத்தனை தடவை பசித்த வயிறும் வெளிச்சமில்லாத வீடும் கணக்கில் வராமல் போயிருக்கின்றன? பிறப்பைக் காரணம் காட்டிக் கதவை அடைத்துவிட்டு, உள்ளே வராதவர்களுக்கு அறிவு வராது என்று இந்த நாடு தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறதே! அனுமதி மறுத்தவர்கள், இல்லாமை என்று எழுதி வைத்தார்கள். சித்தாந்தம் இதற்கு இடம் தருவதில்லை. இச்சை, ஞானம், கிரியை மூன்றும் எல்லா உயிருக்கும் உண்டு. ஆணவம் என்னும் மலம் அவற்றை மறைத்திருக்கிறது என்பது அதன் துணிபு. உடம்பும் கருவிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். அறிவதற்கு உரிமை இல்லாத உயிர் என்று ஒன்று கிடையாது.

மறைத்தல் எப்போதும் தீமைதானா என்றும் கேட்கலாம். சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் சேர்த்து அதை அருள் என்றே சொல்கிறது. உயிரின் மலம் பக்குவப்படும் வரை மறைத்து நிற்கும் திரோதான சக்தி, பக்குவம் வந்ததும் அருட்சக்தியாகிறது. பிரேக், ஏர்பேக் மாட்யூல்களுக்குப் பூட்டு வைப்பதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். தெரியாத கை அங்கே போகக் கூடாது. ஆனால் மறைப்பவர் எல்லாரும் அருளாளர் ஆகிவிட முடியாது. 2022-இல் பிஎம்டபிள்யூ, காரில் ஏற்கெனவே பொருத்திய சீட் ஹீட்டருக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வந்து, மறு ஆண்டே அதைக் கைவிட்டது. யாருடைய நன்மைக்காக மறைக்கிறார்கள் என்று கேட்டால் திரோதானமும் வாடகையும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

ஆகவே என்னிடம் தொழில் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது எழுதுவதை அல்ல, வாசிப்பதை. மாட்யூலில் இப்போது என்ன இருக்கிறது என்று படி. பழைய கோடிங்கைச் சேமித்து வை. பிறகு ஒன்றை மட்டும் மாற்று. மறுத்தால் எண்ணைப் பார். மண் இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் நேராகச் சொல், பொய் டிக் போடாதே. சக்கரம் இல்லையென்றால் தேடிக் கொடு. அனுமதி இல்லையென்றால் அதைத் தர வேண்டியவர் யார் என்று கேள். பிள்ளைகளிடமும் மாணவர்களிடமும் வேலையாட்களிடமும் முடியாது என்ற பதில் வரும்போது இதே ஒழுங்கில் நடப்பது நம் கடமை. 31 என்று தீர்ப்பெழுதும் உரிமை, மற்ற இரண்டையும் சோதித்து முடித்தவருக்கு மட்டுமே உண்டு.