காவல் நிற்பவனின் பொறுமை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமலுக்கு ஒரு நிக்காஹ் வைபவத்தின் பொருட்டுச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து இமாம் அவர்களுடன் பேசிக் கொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த தாயார் ஒருவர் முக்காட்டைச் சரி செய்தபடி வந்து நின்றார். அவருடைய மகன் பட்டாளத்தில் இருக்கிறார். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையில் பணியாற்றத் தெற்கு சூடானுக்குப் புறப்படும்படி அவருக்கு உத்தரவு வந்திருக்கிறது.

"அஜரத்! சண்டைக்குப் போகலம்மா, சமாதானத்துக்குப் போறேன்னு சொல்றான். கையில துப்பாக்கி கொடுப்பாங்களாம். ஆனா சுடக் கூடாதாம். கண்ணுக்கு எதிரே ஒருத்தனை இன்னொருத்தன் வெட்ட வந்தா என் பிள்ளை என்ன செய்யணும்? பார்த்துக்கிட்டு நின்னா பாவமா, சுட்டா பாவமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"உங்கள் மகனுக்கு துஆச் செய்கிறேன் அம்மா. கேள்வி பெரியது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள் இமாம் அவர்கள். ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. பட்டாளத்தில் பிள்ளை இல்லாத வீட்டாருக்கும் அதில் பாடம் இருப்பதாகத் தோன்றியதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சிப்பாய் எப்படி உருவாகிறான் என்று பார்ப்போம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சேரும் மதராஸ் ரெஜிமெண்ட் 1758-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பயிற்சி நிலையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. விடியுமுன் எழுதல், ஓட்டம், அணிவகுப்பு, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மறுபடியும் பூட்டுதல், குறி பார்த்துச் சுடுதல் என்று பல மாதங்கள் செல்லும். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கம். பயிற்சி முடிவில் அவரவர் வேதத்தின் மீது ஆணையிட்டு, தரையிலும் கடலிலும் வானிலும் ஏவிய இடத்துக்குச் செல்வேன் என்று உறுதி கூறுகிறார்கள். முஸ்லிம் பிள்ளை குர்ஆன் மீது ஆணையிடுகிறான். ஆகவே அவன் ஏந்தும் துப்பாக்கி சம்பளத்துக்கான கருவி மட்டுமன்று. அது ஓர் அமானிதம்.

இப்படி அடிக்கப் பழகிய கையைத்தான் அமைதிப் படைக்கு அனுப்பும்போது அடக்கப் பழக்குகிறார்கள். அங்கே மூன்று நிபந்தனைகள் உண்டு. சண்டையிடும் தரப்பாரின் சம்மதத்துடன் இருக்க வேண்டும். எப்பக்கமும் சாயக்கூடாது. தற்காப்புக்கும், ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் அன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது. சுட நேர்ந்தாலும் இயன்றவரை முதலில் வாயால் எச்சரித்து, பிறகு தேவைக்கு மேல் போகாமல் சுட வேண்டும். இந்தியாவிலிருந்து இதுவரை 2,90,000-க்கும் மேற்பட்டோர் ஐம்பதுக்கும் அதிகமான இத்தகைய பணிகளுக்குச் சென்றிருக்கின்றனர். ஏறத்தாழ 180 பேர் அந்தப் பணியிலேயே உயிர் நீத்திருக்கின்றனர்.

நடுவில் நிற்பவன் நிலை எத்தகையது என்பதை அறியச் சூடானுக்குப் போக வேண்டியதில்லை. அன்று மாலை தாமல் ஏரிக்கரையில் சற்று நேரம் நின்றோம். ஏரிப் பாசனம் உள்ள நம் ஊர்களில் மதகைத் திறந்து மூடி, ஒவ்வொருவர் வயலுக்கும் முறைப்படி தண்ணீர் விட நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்திருந்தார்கள். பல ஊர்களில் சொந்த நிலம் இல்லாதவரையே அந்த வேலைக்கு வைத்தார்கள். தன் வயல் என்று ஒன்று இருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் சாயும் அல்லவா? தண்ணீர் குறைந்த ஆண்டில் மேல்மடைக்காரரும் ஏசுவார், கடைமடைக்காரரும் ஏசுவார். அவர் கையில் மண்வெட்டி இருக்கும். ஆனால் அது ஏசியவரை அடிப்பதற்கு அன்று. அதே சமயம், இரவோடிரவாக ஒருவர் மடையை உடைக்க வந்தால், "நான் நடுநிலையாளன்" என்று அவர் வேடிக்கை பார்த்து நின்றால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? ஒப்புக்கொள்ளாது. தன்மீது விழும் ஏச்சைத் தாங்குவது அவருடைய பொறுமை. கடைமடைக்காரரின் தண்ணீரைக் காப்பது அவருடைய கடமை. இவ்விரண்டையும் நாம் கலந்துவிடலாகாது.

தாயாரின் கேள்விக்கு விடை இங்குதான் இருக்கிறது என்று கருதுகிறோம். தனக்கு நேரும் தீங்கைத் தாங்கிக் கொள்வது ஸப்ர். தன்னை நம்பி வந்தவனுக்கு நேரும் தீங்கைத் தாங்கிக் கொள்வது ஸப்ர் ஆகாது. அது அமானிதத்தில் மோசடி.

இரு கூட்டத்தார் சண்டையிட்டால் அவர்களிடையே சமாதானம் செய்து வைக்கும்படி அல்லாஹுத் தஆலா திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தில் பணிக்கிறான். அத்துடன் நிறுத்தவில்லை. ஒரு சாரார் வரம்பு மீறினால் அவர்களைத் தடுத்து நிற்கவும், அவர்கள் திரும்பிவிட்டால் நீதத்துடன் இணக்கம் செய்யவும் ஏவுகிறான். முதலில் சமாதானம், அடுத்துத் தடுத்தல், முடிவில் நீதி என்ற இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

"அந்நியருக்காக நம் பிள்ளை ஏன் சாக வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன், மக்காவில் அநீதி இழைக்கப்பட்ட வெளியூர் வணிகர் ஒருவருக்காகக் குறைஷிகள் செய்து கொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கையில் கலந்து கொண்டார்கள். அநீதிக்கு உள்ளானவர் யாராயினும் அவர் பக்கம் நிற்பது என்பதே அதன் சாரம். இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாறு சொல்கிறது. ஒருவனுக்கு அநீதி நேரும்போது அவன் நம்மவனா அந்நியனா என்று பார்ப்பதில்லை.

இனி, நடந்த சிலவற்றைப் பார்ப்போம். போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரை 1993-இல் ஐ.நா. சபை பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. அந்த வாக்கை நம்பி முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அங்கே ஒதுங்கினர். 1995 ஜூலையில் செர்பியப் படைகள் நுழைந்தபோது காவலுக்கு இருந்த டச்சு வீரர்கள் சொற்பமானவர்கள். அவர்களிடம் கனரக ஆயுதமில்லை. கேட்ட விமான உதவியும் போதிய அளவு வரவில்லை. தம் முகாமுக்குள் தஞ்சம் புகுந்தவர்களையே அவர்கள் வெளியே அனுப்பிவிட்டனர். அந்த நாட்களில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட 350 ஆண்களின் சாவில் தம் அரசுக்கும் ஒரு பங்கு பொறுப்புண்டு என்று 2019-இல் டச்சு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த வீரர்கள் எவரையும் கொல்லவில்லை. ஆயினும் பொறுப்பு அவர்களை விடவில்லை!

இதற்கு முந்திய ஆண்டில் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். படுகொலை நடந்து கொண்டிருக்கையிலேயே அங்கிருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்க ஐ.நா. முடிவு செய்தது. ஆனால் செனகல் நாட்டு முஸ்லிம் அதிகாரி கேப்டன் ம்பாய் தியாங்ன் ஆயுதமில்லாத பார்வையாளராக அங்கே இருந்தார். கொல்லப்பட்ட பிரதமர் அம்மையாரின் குழந்தைகளை முதலில் காப்பாற்றினார். பிறகு தம் வாகனத்தில் ஒரு நடைக்குச் சிலராக ஏற்றிக் கொண்டு, வழியில் மறித்த கொலைகாரர்களிடம் சிரித்துப் பேசியும் சிகரெட் கொடுத்தும் சோதனைச் சாவடிகளைக் கடந்தார். இப்படி நூற்றுக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். 1994 மே 31-இல் பீரங்கிக் குண்டின் சிதறல் பட்டு ஷஹீதானார். நாடு திரும்ப அவருக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. இன்று ஐ.நா. சபை வழங்கும் வீரப் பதக்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓரிடத்தில் துப்பாக்கி இருந்தும் காவல் இல்லை. மற்றோரிடத்தில் துப்பாக்கி இல்லாமலே காவல் நடந்தது. ஆகவே 'சுடலாமா, கூடாதா' என்பது இரண்டாவது கேள்வி. 'நம்பி வந்தவனைக் கைவிடலாமா' என்பதே முதல் கேள்வி.

அந்தத் தாயாரின் மகன் செல்லும் தெற்கு சூடானிலேயே 2013 டிசம்பர் 19-இல், அகோபோ என்ற ஊரின் ஐ.நா. முகாமை ஆயுதம் தாங்கிய பெருங்கூட்டம் சூழ்ந்தது. உள்ளே வேற்று இனத்து மக்கள் ஒளிந்திருந்தனர். அவர்களைக் காக்க நின்ற இந்திய வீரர் இருவர் உயிர் துறந்தனர். தஞ்சம் புகுந்தவர்கள் எல்லோரும் தப்பவில்லை. ஆயினும் அவ்விருவரும் தம் அமானிதத்தை நிறைவேற்றியே சென்றனர்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 'அமைதிப் படை' என்ற சொல்லே தமிழர் பலருக்கு வேதனை தரும். 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்ற இந்தியப் படை ஐ.நா.வின் படையன்று. சமாதானம் காக்கச் சென்ற அது, அக்டோபரிலேயே போரில் ஒரு தரப்பாகி விட்டது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டனர். யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும்கூடக் கொல்லப்பட்டனர். பெயரில் அமைதி இருப்பதால் செயலில் அமைதி வந்துவிடாது. வேறு நாடுகளில், காக்கச் சென்றவர்களில் சிலரே பெண்களின் மானத்துக்குக் கேடு செய்த இழிவும் நடந்து, அதற்கென 2003-இல் ஐ.நா. கடுமையான விதி செய்ய நேர்ந்தது.

மேலதிகாரி தவறான கட்டளை இட்டால்? நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய சிறு படை ஒன்றின் தலைவர் கோபத்தில் நெருப்பு மூட்டி, அதில் இறங்கும்படி தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் தயங்கி நின்றனர். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், இறங்கியிருந்தால் அதிலிருந்து மீண்டிருக்க மாட்டார்கள் என்றும், நன்மையான காரியத்தில்தான் கீழ்ப்படிதல் என்றும் தெளிவுபடுத்தினார்கள். சிப்பாயின் கீழ்ப்படிதலுக்கும் எல்லை உண்டு.

அச்ச நேரத் தொழுகையின் முறையை நாம் ஓதியிருக்கிறோம். ஒரு பிரிவினர் தொழுகையில், மற்றொரு பிரிவினர் ஆயுதத்துடன் காவலில். பிறகு இடம் மாறுவார்கள். பிறர் அச்சமின்றி ஸஜ்தாச் செய்வதற்காக ஒருவன் விழித்து நிற்பதையும் அல்லாஹ் அந்த வணக்கத்தின் ஒழுங்கிலேயே வைத்திருக்கிறான். வெளிநாட்டுப் படியால் வீட்டுக் கடன் அடையும் என்று எண்ணிச் செல்வது குற்றமன்று. ஆனால் நிய்யத்து அதோடு முடிந்துவிடக் கூடாது.

ஆகவே அந்தத் தாயாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: "அம்மா! உங்கள் மகனை ஏசினால் தாங்கட்டும். கல்லெறிந்தாலும் இயன்றவரை தாங்கட்டும். கோபத்துக்காக ஒரு குண்டும் செலவாக வேண்டாம். ஆனால் அவன் காவலில் இருக்கும் ஒரு குழந்தை மீது கத்தி ஓங்கப்பட்டால் அவன் குறுக்கே நிற்கட்டும். எச்சரித்தும் கேளாதபோது, வேறு வழியின்றி அளவோடு சுட்டால் அது பாவமென்று நாம் கருதவில்லை. தடுக்க வலிமையிருந்தும் திரும்பிக் கொண்டால் அதற்கே நாம் அஞ்சுகிறோம். முடிவை அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள்."

நாமும் நம்மைக் கேட்டுக் கொள்வோம். நம் மஹல்லாவில் கணவனிடம் அடிபடும் பெண்ணிடமும், பங்கு மறுக்கப்பட்ட எத்தீமிடமும் "ஸப்ர் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குகிறோமே, அது யாருடைய பொறுமை? அடிபடாதவன் அடிபட்டவனுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. ஸ்ரெப்ரெனிட்சாவின் முகாம் வாசலில் நின்றவர்களைக் குறை கூறும் நாம், நம் தெரு வாசலில் எப்படி நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

தனக்கு வரும் துன்பத்தில் பொறுமையையும், பிறர் துன்பத்தில் பொறுக்காமையையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! தொலைதூரத்தில் காவல் நிற்கும் பிள்ளைகளைத் தாய்மாரிடம் நலமாகத் திருப்பித் தருவானாக! ஆமீன்.