சுமை யாருக்கு?

ஒரு மூட்டை இருக்கிறது. அதை இருவரில் யார் வேண்டுமானாலும் சுமக்கலாம். ஒருவருக்கு அது லேசு, மற்றவருக்குக் கனம். அப்படியிருந்தும் கனமாக உணர்கிறவரே காலமெல்லாம் அதைச் சுமந்து வருகிறார் என்றால், அதற்கு என்ன பெயர் சொல்வது? தியாகம் என்றா? பழக்கம் என்றா? அல்லது அநியாயம் என்றேவா?

நான் சொல்லவந்தது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைப் பற்றி. கதை எழுதுகிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கணவன் மனைவி உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்த உறவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற இடத்தில் மட்டும் மௌனமாக இருப்பது எனக்கு நாணயமாகப் படவில்லை.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு கணக்கைச் சொல்லுகிறது. நம் நாட்டில், பிள்ளை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு மூன்று. படிப்பிலும் வைத்திய வசதியிலும் முன்னேறியதாக நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டில், பெண்கள் நூற்றுக்கு 58 பேர்; ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர்!

இரண்டில் எது பெரிய அறுவை? பெண்ணுக்கு வயிற்றுக்குள் போயாகவேண்டும். ஆணுக்கு அறுக்கவேண்டிய குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சிறிது நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்று மாதம் எச்சரிக்கையாக இருந்து, பிறகு ஒரு பரிசோதனை செய்துகொண்டால் போதும். ஆண்மை குறைவதில்லை, உடல் பலமும் குறைவதில்லை. இதற்கு சர்க்கார் ஆணுக்குத்தான் கூடுதல் பணமும் கொடுக்கிறது. அப்படியும் ஆள் வருவதில்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. இந்தியா 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. 1950-களின் பிற்பகுதியில், அன்றைய சென்னை ராஜ்யம் ஆண்களுக்கான அறுவையை ஊக்குவிப்பதில் முன்னணியில் நின்றது. 1971 ஜூலையில் கேரளத்து எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63 ஆயிரம் பேருக்கு மேல் அறுவை செய்துகொண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது. பலரைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். அது கொடுமை, அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கமுடியாது. 1977 தேர்தலில் அரசு கவிழ்ந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

அந்தத் தேர்தலிலிருந்து ஆட்சியாளர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். என்ன பாடம்? யாரையும் பலவந்தம் செய்யக்கூடாது என்பதா? அப்படியென்றால் நல்லதுதான். ஆனால் அவர்கள் கற்றது, ஆணைத் தொட்டால் ஆட்சி போய்விடும் என்பதைத்தான். எண்ணிக்கை இலக்கு அப்படியே இருந்தது. மேஜைமேல் படுக்கும் ஆள் மட்டும் மாறினாள்.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூருக்கு அருகே ஒரு முகாமில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். ஒரு நாளைக்கு 30-க்கு மேல் கூடாது என்பது சர்க்காரே வகுத்த விதி. அங்கும் அடுத்து நடந்த முகாம்களிலுமாகப் பதின்மூன்று பேருக்குக் குறையாமல் இறந்துபோனார்கள். அத்தனை பேரும் ஏழைப் பெண்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த மரணங்களால் எந்த ஆட்சியும் கவிழவில்லை.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், மனைவியிடம் பிரியமுள்ளவர். "எங்க வீட்டிலே ரெண்டாவது பிரசவத்தோடேயே முடிச்சாச்சு, சார். அவளே சரின்னுட்டா" என்றார்.

"உங்களை யாராவது கேட்டார்களா?" என்றேன்.

"என்னை எதுக்குக் கேக்கணும்?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அந்த ஆச்சரியத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு வழிகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அதற்குச் சொல்லும் பதில் சம்மதம். ஒரே வழியை மட்டும் காட்டிவிட்டு வாங்கும் தலையசைப்பைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே செய்துவிடுவது வசதி என்கிறார்கள், வாஸ்தவம். சில பெண்கள், 'என் உடம்பு என் கையில் இருக்கட்டும். அவர் போக்கை நம்பி நான் இருக்கமுடியாது' என்று விரும்பியே செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அது விடுதலை. அதை மறுக்க நான் யார்? ஆனால் வசதியும் விருப்பமும் சேர்ந்தாலும், நூற்றுக்கு 58 எங்கே, ஆயிரத்துக்கு ஒன்று எங்கே! 'சம்பாதிக்கிறவன் உடம்பு' என்று ஒரு வாதம் உண்டு. தண்ணீர்க் குடம் தூக்குகிறவளுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இருப்பது உடம்பில்லையா?

மிச்சமிருப்பது பயம். ஆணுக்கு இருக்கும் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆண்மை போய்விடுமோ, ஊர் சிரிக்குமோ என்று மனத்துக்குள் புழுங்குகிறவனுக்குத் தேவை ஏளனமல்ல. ஆதரவாக உட்கார்ந்து விளக்கிச் சொல்லும் ஒரு மனிதர். அதே கணக்கெடுப்பில், கருத்தடை பெண்கள் சமாசாரம் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆண்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் பேசவில்லை என்றுதான் நான் அதற்கு அர்த்தம் கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்கவேண்டும். அவனுடைய பயத்துக்கு வீடு முழுவதும் மரியாதை கொடுக்கிறது. அவளும் பயப்படுகிறாள். மயக்க ஊசியை நினைத்து, 'எழுந்திருக்காமல் போய்விட்டால் குழந்தைகள் என்ன ஆகும்' என்று நினைத்துப் பயப்படுகிறாள். அந்தப் பயத்துக்கு, 'எல்லாரும் செய்துகொள்வதுதானே' என்ற ஒரு வார்த்தைதான் மருந்து.

ஆண்களைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாவத்தை நாடு ஒருமுறை செய்தது போதும். பிரசவத்துக்கு முன்பே இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, இரண்டு அறுவைகளையும் விளக்கி, "உங்களில் யார் செய்துகொள்ளப் போகிறீர்கள்?" என்று நர்ஸம்மா ஒரு வார்த்தை கேட்கட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. கேட்ட பிறகும் மனைவியே முன்வந்தால், அதைத் தியாகம் என்று சொல்லிக் கும்பிடலாம். கேட்காமலே அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவளைப் பொறுமையில் பூமாதேவி என்று புகழ்வதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.