வாரிசற்றோரின் உழைப்பு

மனிதன் யாருக்காக உழைக்கின்றான்? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணச் சமுதாயம் நெடுங்காலமாக ஒரே விடையைக் கூறி வந்துள்ளது. அவன் தன் மக்களுக்காகவே உழைக்கின்றான் என்பதே அவ்விடை. சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டித் தோட்டஞ் செய்வோனும், கந்தோரிற் கோவைகளோடு காலங் கழிப்போனும், கடல் கடந்து பொருளீட்டுவோனும் மகளுக்குச் சீதனம், மகனுக்குக் கல்வி, எஞ்சினால் தன் பெயரில் ஒரு வளவு என்றே கணக்கிடுகின்றனர். "தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்னும் பழமொழியிலும் இக்கணக்கு மறைந்து கிடக்கின்றது. நட்டவன் உண்ணாவிடினும் அவன் பேரன் உண்பான் அல்லவா?

இக்கணக்குச் சரியாயின், மக்களும் ஆதனமும் இல்லாத ஒருவன் செம்மையாக உழைப்பதற்குக் காரணமே இல்லை. உண்மையில் அவ்வாறுதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1921ஆம் ஆண்டில், தமிழ்நாட்டில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரிலே கிறிஸ்துகுல ஆச்சிரமம் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர் இருவர். இருவரும் வைத்தியர், இருவரும் மணஞ் செய்யாதோர். ஒருவர் சவரிராயன் யேசுதாசன் என்னும் தமிழர். மற்றவர் ஸ்கொத்லாந்து நாட்டவரான ஏர்னஸ்ட் பொரஸ்டர் பேற்றன். வெள்ளையர் அனைவரும் 'துரை' என அழைக்கப்பட்ட அக்காலத்தில், தமிழர் 'பெரியண்ணன்' எனவும் வெள்ளையர் 'சின்னண்ணன்' எனவும் அங்கு வழங்கப்பட்டனர். கதராடை, புலால் நீக்கிய உணவு, பொதுவாழ்வு, ஏழை நோயாளருக்கு மருத்துவம் என்பன அவர்தம் நெறியாயின. அவர்கள் எழுப்பிய வழிபாட்டிடமும் திராவிடக் கோயிற் கலையைத் தழுவியே அமைந்தது. பின்னர் 1939இல் நமது குடாநாட்டிலும், மருதனார்மடத்தில், கிறிஸ்து சேவா ஆச்சிரமம் என்னும் அத்தகைய நிலையமொன்று தோன்றியது.

பேற்றனின் வாழ்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர் கம்பளி நூல் உற்பத்தியாற் செல்வம் பெற்ற குடும்பத்திற் பிறந்தவர். ஆலை நூலின் வாரிசாக வாழ்ந்திருக்கவேண்டியவர் கைந்நூலாடையை உடுத்தினார். 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் நின்ற அவர்மீது பொலிசார் வண்ண நீரைப் பாய்ச்சினர், வழக்கும் தொடுத்தனர். பின்னர் அவ்வழக்குக் கைவிடப்பட்டது. பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் அது குறித்து வினா எழுந்தது. தம் இனத்தின் ஆட்சி தமக்கு அளித்த மதிப்பையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஆதனம், மனைவி மக்கள், இனப்பெருமை ஆகிய மூன்றையும் விடுத்த பின்பும் அவரது உழைப்புத் தளரவில்லை. 1970இல் மறையும் வரை அவர் ஆச்சிரமத்தின் மனிதராகவே விளங்கினார்.

இதே நெறி மேலைநாட்டில் இன்னும் கடுமையாகக் கைக்கொள்ளப்பட்டதுண்டு. ஆன் லீ என்னும் பெண்மணியின் தலைமையில் 1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற சிறு குழுவினர், வழிபாட்டின்போது உடல் நடுங்க ஆடியமையால் 'ஷேக்கர்' எனப் பெயர் பெற்றனர். பிரமசரியமும் பொதுவுடைமையும் ஆண் பெண் சமத்துவமும் அவர்களின் அடிப்படை விதிகள். கைத்தொழிலை அவர்கள் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதினர். அவர்கள் செய்த கதிரைகளும் பெட்டிகளும் இன்று அரும்பொருட் காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன. செய்தவர் பெயரோ பெரும்பாலும் அவற்றிற் பொறிக்கப்படவில்லை.

அவர்களுள் டெல்மர் வில்சன் என்னும் மூப்பர் ஒருவர். 1873இற் பிறந்து, சிறுவனாகவே மெயின் மாநிலத்துச் சபத்டே லேக் குடியிருப்பை அடைந்து, 1961இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பழத்தோட்டத்தைப் பேணினார், மரவேலை செய்தார். 1923ஆம் ஆண்டளவில், ஒரே மாரிக்காலத்தில், கைப்பிடி பொருத்திய நீள்வட்டப் பெட்டிகள் 1,083ஐ அவர் செய்து முடித்தார். மெல்லிய மரப்பட்டையை வெந்நீரில் இளக்கி, அச்சிலே வளைத்து, அதன் முனையை விரல்கள் போல வெட்டிச் சிறு செப்பாணிகளால் இணைப்பர். ஈரத்தில் மரம் விரிந்தாலும் வறட்சியிற் சுருங்கினாலும் வெடியாதிருக்கவே அவ்விரல் வடிவம். தம் கூட்டம் ஆண்டுதோறும் சுருங்கி வருவதை அறிந்த ஒருவர், ஆயிரத்தெண்பத்து மூன்றாவது பெட்டியும் வெடியாதிருக்க வேண்டும் என்று உழைத்தார் என்பதே நாம் சிந்திக்கவேண்டியது. இன்று அச்சமயத்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சியுள்ளனர்.

இவ்வுள்ளம் நமக்கு அந்நியமானதன்று. மணவாழ்வை மேற்கொள்ளாத திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு கோயில் முற்றங்களிற் புல் செதுக்கினார். திருப்புகலூரிலே புல்லிடைப் பொன்னும் மணியும் தோன்றியபோது, பருக்கைக் கற்களோடு அவற்றையும் உழவாரத்தால் அள்ளிக் குளத்தில் எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். முற்றம் தூய்மையாக வேண்டும் என்பதன்றி வேறு பயனை அவர் வேண்டவில்லை.

ஆயினும் இங்கே இரு தடைகள் எழுகின்றன. அனைவரும் இவ்வாறு வாழ்ந்தால் மனிதகுலம் என்னாகும் என்பது முதலாவது. ஷேக்கர் குடியிருப்புகளும் பிறர் பெற்ற பிள்ளைகளைக் கொண்டே நிலைத்தன. ஆகவே, இவ்வாழ்வு எல்லோருக்கும் உரிய விதியாதல் இயலாது என ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. பயன் கருதாது உழைத்தல் என்பது வரலாற்றில் யாருக்கு உபதேசிக்கப்பட்டது? பிறர் நிலத்திலே தலைமுறை தலைமுறையாக உழைத்து, உரிய கூலியும் மதிப்பும் பெறாத மக்களுக்கன்றோ? நமது குடாநாட்டின் குடிமை முறையை அறிந்தோர் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. பலனைத் துறக்குமாறு தொழிலாளிக்குப் போதித்து, அப்பலனைத் தான் எடுத்துக்கொள்வோன் ஞானியல்லன், சுரண்டுவோன்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணல் வேண்டும். திருப்பத்தூரிலும் ஷேக்கர் குடியிருப்பிலும் பலனைத் துறந்தவர் யாவர்? தலைமை தாங்கியோரே முதலில் துறந்தனர். மூப்பரும் தம் கைகளாலேயே உழைத்தார். அவர் விட்ட பயனைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் எசமானன் அங்கில்லை. அது பொதுவிற் சேர்ந்தது. எனவே, பற்றற்ற உழைப்பு நீதிக்கு மாற்றாகாது. நீதி நிலவும் இடத்திலேதான் அது அறமாகும்.

அவ்வாறாயின் இவ்வாழ்வுகள் இல்லறத்தாராகிய நமக்கு எதனை உணர்த்துகின்றன? 'எனதன்று' என்னும் சாக்குச் செல்லாது என்பதை உணர்த்துகின்றன. நூலக நூலின் பக்கத்தைக் கிழிக்கும் மாணவனும், பொதுப்பணியென்றால் அரைகுறையாக முடிக்கும் அலுவலனும் அச்சாக்கையே சொல்கின்றனர். உடைமையும் வாரிசும் பெயரும் இன்றியே செம்மையாக உழைத்தோர் இருந்தனர் எனில், அவற்றை எதிர்பார்த்துச் செம்மையைத் தள்ளிவைக்கும் உரிமை நமக்கில்லை.

எனது அன்னையின் தமக்கையார் மணமாகாதவர். அவர் இழைத்த பனையோலைக் கடகங்கள் பல வீடுகளில் இருந்தன. பிறர் காணாத அடிப்புறத்தையும் இருமுறை தடவிப் பார்த்த பின்னரே விளிம்புக்கு நார் கட்டுவார். "ஆருக்கெண்டு இப்பிடிப் பாடுபடுறியள்?" என்று அயலவர் கேட்பதுண்டு. அக்கேள்வியின் உள்ளே இருந்த ஊசியை அவர் அறிவார். "கடகத்துக்கு அது தெரியுமோ, பிள்ளை?" என்பார். இளமையில் அதனை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே கேட்டேன்.

நமது பழைய தெருக்களின் ஓரத்தில் இன்றும் சில இடங்களிற் சுமைதாங்கிகளைக் காணலாம். நிறுத்திய இரு கற்களின்மேல் ஒரு கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுற்றத்தார் அதனை அமைப்பது வழக்கம். பிள்ளையைக் காணாது மறைந்தவள் பெயரால் நிற்கும் அக்கல்லிலே, அவள் யாரென அறியாத வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறினர். அவர்களுள் எவரும் அவளுக்கு உறவினரல்லர். எனினும் அவளுக்கு எவரும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.