ஒரு சாணுக்கு நாற்பது சாண்

பாலாவியில் புத்தளம் வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், பிறகு கால் வைக்கிற இடமெல்லாம் மணல்தான். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் புத்தளம் களப்பு, நடுவில் சில கிலோமீற்றர் அகலத்தில் நீண்டு கிடக்கிற மணல் நாக்கு. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று போகப் போக வெங்காயமும் மிளகாயும் பச்சையாய் நிற்கும். எல்லாம் கிணற்றுத் தண்ணீரில் விளைபவை. பல தோட்டங்களில் இரண்டு மூன்று மீற்றர் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். வாயில் விட்டுப் பார்த்தால் நல்ல தண்ணீர்.

மணலோ சல்லடை. மழையை உள்ளே விடுகிற மணல் கடலையும் விடத்தான் செய்யும். இரண்டு பக்கமும் உப்பு இருக்க, இடையில் தடுப்புச்சுவர் ஏதும் இல்லாமல் கிணறு எப்படித் தித்திக்கிறது? மணல் உப்பை வடித்துவிடுகிறது என்று சொல்வாருண்டு. மணல் குப்பையைப் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. விடை நிறையில் இருக்கிறது. அதற்குப் போகும் வழி, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருக்கும் மோட்டர் வழியாகப் போகிறது.

மோட்டர் தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். அது செய்வதெல்லாம் குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைப்பதுதான். கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும்? ஒரு சதுர மீற்றர் அடியில் நிற்கும் நீர்நிரல் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். அதன் உயரத்தை அடர்த்தியால் பெருக்கினால் திணிவு. அதை ஈர்ப்பு ஆர்முடுகலான 9.8ஆல் பெருக்கினால் நிறை. ஒரு சதுர மீற்றரில் இறங்கும் அந்த நிறைதான் அடியிலுள்ள அமுக்கம். கணக்கைத் திருப்பிப் போட்டால், அமுக்கத்தை அடர்த்தியாலும் 9.8ஆலும் வகுக்க உயரம் கிடைக்கும்.

வளிமண்டல அமுக்கம் 1,01,325 பஸ்கால். நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1,000 கிலோகிராம். வகுத்தால் 10.34 மீற்றர். எத்தனை குதிரைவலு மோட்டரை மேலே வைத்தாலும் உறிஞ்சும் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறாது. குழாய் உராய்வும் நீராவியும் தம் பங்கை எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் ஏழெட்டு மீற்றர் கிடைத்தால் பெரிது. கற்பிட்டியில் ஊற்று மேலேயே இருப்பதால்தான் மோட்டரைக் கரையில் வைத்து இறைக்க முடிகிறது.

திரவத்தை மாற்றினால் உயரமும் மாறும். அதே வளிமண்டலம், கனமீற்றருக்கு 1,025 கிலோகிராம் உள்ள கடல்நீரை 10.09 மீற்றர் வரைதான் தாங்கும். புத்தளம் உப்பளத்தில் உப்புப் பூக்கும் தறுவாயில், போமே அளவில் 25 டிகிரி காட்டும் பாத்தித் தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1,208. அதற்கு உயரம் எட்டரை மீற்றர். இரசத்துக்கு வெறும் 76 சென்ரிமீற்றர். பள்ளிக்கூடத்துப் பாரமானியில் பார்த்த அதே 76தான்.

இந்தக் கணக்கில் அடிப்பரப்பு எங்கேயும் மிஞ்சவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகலக் கிணறானாலும் மெல்லிய குழாயானாலும் ஒரே உயரத்துக்கு ஒரே அமுக்கம். ஐந்து மீற்றர் உயரத்தில் தாங்கி கட்டி ஸ்பிரிங்லர் சுற்றவில்லையே என்று நொந்துகொள்பவர், தாங்கியை இன்னும் பெரிதாக்கிப் பயனில்லை. ஸ்பிரிங்லர் நன்றாகச் சுற்ற 20 மீற்றர் நிரலுக்கு நிகரான அமுக்கம் கேட்கும். ஐந்து மீற்றர் தாங்கி ஐந்து மீற்றருக்குரியதைத்தான் தரும். மோட்டரில் ஒட்டிய தகட்டில் ‘ஹெட்’ என்று போட்டு மீற்றரில் எழுதியிருப்பதும் இதனால்தான். அமுக்கத்தை உயரமாகவே பேசும் வழக்கம் நம் தோட்டங்களில் ஏற்கெனவே உண்டு.

இனி மண்ணுக்குள் இறங்கலாம். வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஒரு கைக்குக் கடல்நீரும் மறு கைக்கு நன்னீரும் ஊற்றினால், இரண்டும் சந்திக்கிற மட்டத்தில் அமுக்கம் சமமாக வேண்டும். நாற்பது சென்ரிமீற்றர் கடல்நீருக்கு ஈடுகொடுக்க நாற்பத்தொரு சென்ரிமீற்றர் நன்னீர் வேண்டும். இலேசான நீர் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். கற்பிட்டி அத்தகைய ஒரு குழாய்தான், கண்ணாடிக்குப் பதில் மணல். மழைநீர் உப்புநீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது சாண் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். முப்பது சென்ரிமீற்றருக்குப் பன்னிரண்டு மீற்றர். கடலைத் தள்ளி நிறுத்தும் சுவர் அந்த நிறையே.

இந்தக் கணக்கை 1889இல் எழுதியவர் ஆம்ஸ்டர்டாம் பக்கம் தண்ணீர் தேடிய ஒல்லாந்துப் படை அதிகாரி படோன் கைபென். 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் வட கடல் தீவொன்றில் கிணறு தோண்டித் தனியாக அதையே கண்டார். 1667இல் தொடங்கிய கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையில் காவல் நின்றவர்களுக்கு, தங்கள் குடிநீரின் விளக்கம் சொந்த நாட்டான் ஒருவனிடமிருந்து இருநூறு வருடம் பிந்தி வந்தது.

நாற்பது என்பது கல்லில் வெட்டிய எண்ணல்ல. நன்னீரின் அடர்த்தியை இரு நீர்களின் அடர்த்தி வேறுபாட்டால் வகுத்தால் வருவது அது: 1,000ஐ 25ஆல் வகுக்க 40. களப்பின் தெற்கு மூலையில் கோடை வெயிலில் நீர் வற்றி உப்பு கடலையும் மிஞ்சும். அங்கே அடர்த்தி 1,035 என்று வைத்தால் 1,000ஐ 35ஆல் வகுக்க வேண்டும்; நாற்பது இருபத்தொன்பதாகச் சுருங்கிவிடும். அதே ஒரு சாணுக்குக் களப்புப் பக்கத்துக் கிணறு பதினொரு சாணை இழந்து நிற்கும். உண்மையில் நீரிரண்டும் கத்தியால் வெட்டினாற்போல் பிரிவதுமில்லை. இடையில் உவர்ப்பான ஒரு கலப்புப் படை உண்டு. நன்னீர் அசையாமல் கிடப்பதுமில்லை, கடலை நோக்கி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கணக்குச் சொல்லும் ஆழத்தை மதிப்பீடாகத்தான் எடுக்க வேண்டும்.

சிக்கல் இறைக்கும்போது வருகிறது. ஓரிடத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் அதற்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலெழும். ஓரளவு வரை பொறுக்கும். அதைத் தாண்டினால் சடாரென்று கிணற்றுக்குள் பாய்ந்துவிடும். தண்ணீர் உவர்க்கிறதே என்று இன்னும் ஆழமாகக் குழாய்க்கிணறு இறக்குவது, உப்பின் வாசலுக்கே போய்த் தட்டுவதற்குச் சமம். கொங்கிறீட் வளையம் இறக்கிய அகலக் கிணற்றில் மேல்நீரை மட்டும் மெதுவாக அள்ளுவதே இந்த மண்ணுக்கு ஏற்ற வழி. உரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை: மணல் வழியே இறங்கிய நைத்திரேற்று நிறையில் தெரியாது, நாக்கிலும் தெரியாது. கற்பிட்டிக் கிணறுகளில் அதை 1980களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எச்சரித்தார்கள்.

ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தோட்டக்காரர் நம்பிக்கை. ஒரு மழையில் கிணறு நிறைவது உண்மைதான். ஆனால் வில்லை நிறைவது வேறு. நீர்மட்டம் நிரந்தரமாகப் பத்து சென்ரிமீற்றர் தாழ்ந்து, கீழே உப்பும் மெல்ல மெல்ல நாலு மீற்றர் ஏறிவிட்டது என்று வையுங்கள். மீட்க வேண்டிய மணற்படையின் தடிப்பு மேலும் கீழுமாக 4.1 மீற்றர். மணலில் இடைவெளி முப்பது சதவீதம் என்றால் அதை நிரப்ப 1.23 மீற்றர் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். புத்தளத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதிலும் வெயிலும் வெங்காயமும் குடித்தது போக மிச்சந்தான் மணலுக்கு.