மூடியைச் சாத்திய கை

மேலூர் தாண்டும்வரை பட்டு வாய் ஓயவில்லை. அது வழக்கமான மியாவ் இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்த குரல். ஆறு வருஷத்தில் அவளிடம் அப்படியொரு குரலை நான் கேட்டதே கிடையாது.

தம்பி பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, "மூணு மாசம் வந்து கூட இரு அக்கா" என்று கூப்பிட்டிருந்தான். ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டிவிடலாம், பூனையைப் பூட்ட முடியாது. அதனால் வாடகைக் காரில், கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், பின்சீட்டில் நானும் பிளாஸ்டிக் கூண்டில் அவளும். கால்நடை டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: காலையில் சாப்பாடு வேண்டாம், கூண்டை பெல்ட்டால் கட்டிவிடுங்கள், மேலே பழைய புடவையைப் போடுங்கள், எவ்வளவு கத்தினாலும் வண்டி ஓடும்போது திறக்காதீர்கள். கூண்டில் ஏற்றப் பிடரியைப் பிடித்துத் தூக்கப் போனேன், தடுத்துவிட்டார். "அது குட்டிக்குத்தாம்மா. அம்மா பிடரியைக் கவ்வினா, குட்டி காலை மடக்கி வாலைச் சுருட்டித் துவண்டுடும். வளர்ந்த பூனைக்கு அது வலி."

இந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. வைணவத்தின் இரண்டு கலைகளில் எங்கள் அப்பா தென்கலை, அம்மா பிறந்த வீடு வடகலை. மார்ஜார நியாயமும் மர்க்கட நியாயமும், அதாவது பூனை உவமையும் குரங்கு உவமையும், எங்கள் திண்ணையில் தினமும் அடிபட்ட பேச்சு. தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்வதில்லை; சரணாகதி அப்படித்தான் என்பார் அப்பா. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதே, அந்தப் பிடி ஒரு வியாஜமாகவாவது, ஒரு சாக்காகவாவது வேண்டாமா என்பார் அம்மாவின் அப்பா, என் தாத்தா. இரண்டு கலைக்கும் அடையாளமாக இந்த உவமைகள்தான் நிலைத்துவிட்டன. ஆனால் தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த நுட்பமான சொல் ஒன்று உண்டு: விலக்காமை. பெருமாள் தூக்கும்போது தட்டிவிடாமல் இருந்தால் போதும், அதையும் உன் சாமர்த்தியமாக எண்ணாதே.

பட்டு விலக்கிக்கொண்டேதான் வந்தாள். கூண்டின் கதவை நகத்தால் பிறாண்டினாள், எச்சில் ஒழுகி முன்மார்பு முழுக்க நனைந்திருந்தது. குட்டியாய் இருந்தபோது அவளுக்கிருந்த அந்தத் துவளல் எப்போதோ போய்விட்டது. நமக்கும் அப்படித்தான் என்று தோன்றியது. உவமை குட்டியைப் பற்றியது, கேட்கிறவர்களோ வளர்ந்த பூனைகள்.

ஒத்தக்கடை வந்ததும் யானைமலை தெரிந்தது. அந்த மலைக்குப் பக்கத்தில்தான் கொடிக்குளம், பழைய பெயர் ஜோதிஷ்குடி. 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது, உற்சவமூர்த்தியான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியவர் பிள்ளை லோகாசாரியர். தள்ளாத வயசு. ஜோதிஷ்குடியில் பரமபதித்தார் என்பது குருபரம்பரை. அதே படையெடுப்பில் வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகன், ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காப்பாற்றி எடுத்துக்கொண்டு கன்னட தேசம் போய்ச் சேர்ந்தார். பெருமாள் மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராகப் போய் 1371-இல்தான் திரும்பி வந்தார். நாற்பத்தெட்டு வருஷம்!

ஜீவன் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்ன ஆசாரியர், பெருமாளைச் சுமந்துகொண்டு நடந்தார். இதை முரண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பா அந்த உவமையை எப்போதும் குட்டியின் பக்கமிருந்தே சொல்லிவந்தார். கவ்வுகிற வாயைப் பற்றி அவர் பேசியதில்லை. சுமப்பதென்றால் என்னவென்று பிள்ளை லோகாசாரியருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அன்றுதான் தெரிந்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தாண்டி, மாமா வீட்டுக்குப் போறோம்" என்று புடவை ஓரத்தைத் தூக்கித் தூக்கிச் சொன்னேன். எங்கே போகிறோம், எதற்காக, எத்தனை மணிக்கு முடியும், எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட அவளுக்குத் தெரியவைக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தினம் தயிர்சாதம் பிசைந்து போடுகிற கைதான் மூடியைச் சாத்தியது என்பது. என் கணவர் ஐசியூவில் கிடந்த பதினோரு நாளும் நான் பெருமாளைக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஏன் பேசமாட்டேன் என்கிறாய்? பேசாததை அலட்சியம் என்றே இத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை. கத்திக் களைத்துத் தூங்கிப்போனாள். பாலோடு வழியாக விதுரை, கல்லாறு, பிறகு பொன்முடி ஏற்றம். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தாள். வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். கார்க் கதவைத் திறக்காமலே ஈரத்துணியால் துடைத்தேன். வெளியே தடுப்புச்சுவரில் ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி. எங்களைப் பார்த்ததும் மரத்துக்குத் தாவ எழுந்தது. குட்டி பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தாவுமுன் தாய் ஒரு கையைக் குட்டியின் முதுகுக்குக் கீழே கொடுத்து ஒருதரம் அணைத்துக்கொண்டது. தாத்தா இதைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவும்தான்.

கூண்டின் பக்கவாட்டு இடுக்குகள் வழியாகப் பட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றில் என் கண் தெரிந்திருக்கும், இன்னொன்றில் வாய், கீழே விரல்கள். மலைக்குக் கீழே திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபனை மூன்று வாசல் வழியாகத்தான் சேவிக்க முடியும். முதல் வாசலில் திருமுகம், நடுவில் நாபிக் கமலம், கடைசியில் திருவடி. முழுத் திருமேனியும் ஒருசேரக் கண்ணில் படாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு தம்பி வீடு. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், வாசலில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூண்டைத் திறந்தேன். பட்டு என் பக்கம் திரும்பாமல் நேரே கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்தாள். தயிர்சாதம் வைத்தேன், வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்தேன்.

நடுராத்திரியில் கிண்ணம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஈரமான மூக்கு ஒன்று என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது. நான் கையை அசைக்கவில்லை.